எப்போதும் பச்சை, எப்போது சாப்பாடு?

கண்டியிலிருந்து தலாத்துஓயாப் பக்கம் போகும் வீதியில் கொஞ்ச தூரத்திலேயே அம்பிட்டிய வந்துவிடும். பஸ் யன்னலால் பார்த்தால் வீடுகளை விட மரங்கள்தான் அதிகம் தெரியும். ஒரு கூரை, அதன் பின்னால் பலா, தென்னை, கமுகு, கித்துள்; பலாவில் ஏறிய மிளகுக்கொடி; கீழே வாழையும் கோப்பியும்; அதற்கும் கீழே இஞ்சி, மஞ்சள், வல்லாரை. ஜனவரியில் பார்த்தாலும் ஜூலையில் பார்த்தாலும் அதே பச்சை. அதனால் இங்கே புதிதாக வீடு கட்டி வருபவர்கள் பலரும் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: இந்த ஊரில் பருவம் என்று ஒன்றில்லை, எதையும் எப்போதும் நடலாம், எப்போதும் பறிக்கலாம்.

வீட்டுத்தோட்டம் பற்றிய குழப்பங்களில் பாதிக்கு மேல் இந்த எண்ணத்திலிருந்துதான் வருகின்றன. தேத்தண்ணி ஆறுவதற்குள் இதை அவிழ்த்துவிடலாம். அவிழ்த்த பிறகு தோட்டமும் சமையலறையும் ஒரே நாட்காட்டியில் நடப்பது நமக்குத் தெரியும்.

முதலில், பருவத்தை உண்டாக்குவது எது என்று பார்ப்போம். ஐரோப்பாவில் அது வெப்பமும் பகலின் நீளமும். மாரியில் மண் உறைகிறது, பகல் குறுகுகிறது, செடி தூங்குகிறது. கண்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசம் இல்லை. குளிரான மாதத்தின் சராசரி வெப்பநிலைக்கும் சூடான மாதத்தின் சராசரிக்கும் இடையில் மூன்று பாகை அளவுதான் வேறுபாடு. வெப்பத்தை வைத்துப் பருவம் தேடினால் ஒன்றும் அகப்படாது. "பருவம் இல்லை" என்பவர்கள் அங்கேதான் தேடுகிறார்கள்.

நம் பருவத்தை எழுதுவது மழை. அதை நான்கு துண்டாகப் பார்க்கலாம். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. காலை வெயிலில் சூடான ஈரக்காற்று மேலே எழுந்து, குளிர்ந்து, முகிலாகி, பின்னேரம் இடியோடு கொட்டுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அது கடலிலிருந்து சுமந்து வரும் நீரில் பெரும்பங்கை வட்டவளை, கினிகத்தேனை போன்ற மேற்குச் சரிவுகளிலேயே கொட்டிவிடுகிறது. மலைகளைத் தாண்டி நம்மிடம் வருவது மீதி மட்டும். ஒக்டோபரிலும் நவம்பரிலும் பின்னேர இடிமழையோடு வங்காள விரிகுடாவின் தாழமுக்கங்களும் சேர்ந்துகொள்கின்றன. கண்டியில் மழை மிகக் கூடிய மாதங்கள் இவை. டிசெம்பரில் வடகிழக்குப் பருவமழை. அது ஓய்ந்தபின் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை ஆண்டின் வறண்ட காலம்.

கண்டியில் ஆண்டுக்கு 1,800 முதல் 2,000 மில்லிமீற்றர் வரை மழை பெய்கிறது. அது பன்னிரண்டு மாதத்துக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. பெப்ரவரியில் பெய்வதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் நவம்பரில் பெய்யலாம். மரங்களின் வேர் ஆழமாக இருப்பதால் பெப்ரவரியிலும் இலை பச்சையாகவே நிற்கிறது. நம் கண் அந்தப் பச்சையைப் பார்த்து ஏமாறுகிறது. மரம் ஏமாறுவதில்லை.

மரம் என்ன செய்கிறது? வெயிலில் அது சர்க்கரை செய்கிறது. வேரடியில் நீர் தாராளமாக இருக்கும்போது அந்தச் சர்க்கரையைத் தளிராகவும் இலையாகவும் செலவழிக்கிறது. நீர் குறைந்தால் தளிர் நின்றுபோகிறது, சர்க்கரை உள்ளே சேர்கிறது. பல மரங்களுக்குப் பூக்க வழி பிறப்பது அப்போதுதான். நமக்கு வெறும் வறட்சியாகத் தெரியும் கிழமைகளில் அடுத்த சாப்பாட்டுக்கான வேலை மரத்துக்குள்ளே நடக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க விரும்பினால் கோப்பிச் செடியைப் பாருங்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து இலங்கையின் பெரிய கோப்பித் தோட்டங்களை அழித்த பிறகும், கண்டி வீடுகளின் பின்பக்கத்தில் கோப்பி தங்கிவிட்டது. வறண்ட நாட்களில் அதன் மொட்டு பாதி வளர்ந்த நிலையில் அப்படியே நிற்கும். முதல் நல்ல மழை விழுந்து ஒரு கிழமை, பத்து நாளில், கிளை முழுவதும் ஒரே நாளில் வெள்ளையாகப் பூக்கும், முற்றம் மணக்கும். அந்தப் பூ சிவப்புப் பழமாகி நம் கைக்கு வருவது ஆண்டுக் கடைசியில். வறட்சி, முதல் மழை, பூ, பழம் என்று ஒரு முழு நாட்காட்டி அந்த ஒற்றைச் செடியில் இருக்கிறது.

இனி, பருவம் இல்லை என்று நினைத்தவருக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அவர் தோட்டம் என்றால் பாத்தி என்று நினைக்கிறார். ஒக்டோபர் மழையைக் கண்டதும் மண் நன்றாக நனைந்திருக்கிறதே என்று தக்காளியும் மிளகாயும் நடுகிறார். அவை நன்றாக வளர்ந்து, பூத்துக் காய்க்க வேண்டிய நேரத்தில் நாள் முழுவதும் இலை ஈரமாகவே இருக்கிறது. ஈர இலையில் பூஞ்சணம் முளைக்கிறது. தக்காளி கருகுகிறது, மிளகாய் அழுகுகிறது. நிழல்தான் காரணம் என்று நினைத்து அடுத்ததாக அவர் ஒரு மரத்தைத் தறிக்கிறார்.

அந்தச் செடிகளுக்கு வேண்டியது வேறு கணக்கு. தக்காளி, மிளகாய், போஞ்சி போன்றவை காய்க்கும் மாதங்கள் ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை அமைய வேண்டும். அதற்கு நவம்பரில் கூரை விளிம்புக்குக் கீழே, மழை நேரே விழாத இடத்தில் நாற்றுப் போட்டு, டிசெம்பரில் மழை குறையத் தொடங்கும்போது பாத்திக்கு மாற்றலாம். வேர் ஊன்றும்வரை மண்ணில் ஈரம் இருக்கும், காய்க்கும்போது வெயில் இருக்கும். கண்டிப் பக்கத்தில் பாத்திக்கு வசதியான வாய்ப்பு அந்தக் குறுகிய இடைவெளிதான். ஆண்டின் மற்றக் காலம் முழுவதும் சாப்பாடு மரத்திலிருந்தும் கொடியிலிருந்தும் கிழங்கிலிருந்தும் இலையிலிருந்தும் வருகிறது.

இந்த மரக்கூட்டத்தை ஆய்வாளர்கள் கண்டி வனத்தோட்டம் என்று அழைக்கிறார்கள். பேராதனை விவசாய பீடத்தில் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். மேலே தென்னையும் பலாவும், நடுவில் சாதிக்காய், கராம்பு, ஆனைக்கொய்யா, அதற்குக் கீழே கோப்பியும் வாழையும், தரையில் இஞ்சியும் கீரையும். மேல்தட்டு இலைகள் மழையின் வேகத்தைத் தணிக்கின்றன. சரிவில் மண் கழுவப்படுவது குறைகிறது. உதிரும் இலை உரமாகிறது. ஹந்தானை அடிவாரம் போன்ற சரிவு நிலத்தில் இது பெரிய காரியம். ஒழுங்கற்ற காடாகத் தெரிவது, உண்மையில் ஒவ்வொரு மரமும் வெவ்வேறு மாதத்தில் கொடுக்கும்படி பல தலைமுறைகள் பார்த்துப் பார்த்து வைத்த ஏற்பாடு.

அயலார் பத்துப் பேர் சேர்ந்து சீட்டுப் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். எல்லோரும் மாதாமாதம் கட்டுகிறார்கள். ஒவ்வொரு மாதமும் ஒருவர் எடுக்கிறார். நல்ல தோட்டத்தில் எல்லா மரமும் ஆண்டு முழுவதும் வெயிலையும் மழையையும் கட்டிக்கொண்டே இருக்கும், எடுப்பது முறை வைத்து வரும். ஒரே இன மரத்தை மட்டும் வைத்தால் ஒரே மாதத்தில் எல்லாம் குவிந்து, மீதி மாதங்கள் வெறும் கையாகிவிடும்.

இந்தச் சீட்டில் பெரிய பங்கு பலாவுக்கு. அது எப்போது எடுக்கப்போகிறது என்பதைத் தரையைப் பார்த்தே அறியலாம். பலாவில் ஆண் பூத்தண்டும் பெண் பூத்தண்டும் ஒரே மரத்தில் தனித்தனியாக வரும். ஆண் பூத்தண்டு மகரந்தத்தைக் கொடுத்து முடித்ததும் கறுத்துப் பூஞ்சணம் பிடித்து விழும். மரத்தடியில் விரல் அளவு கறுத்த தண்டுகள் கிடந்தால் மரம் பூக்கும் கட்டத்தில் இருக்கிறது. பெண் பூத்தண்டு தடித்த காம்போடு தண்டிலும் பெருங்கிளையிலும் நிற்கும், காயாவது அதுதான். இன்னும் சில கிழமைகளில் பலாப்பிஞ்சு சமைக்கலாம் என்பது அந்தக் கறுத்த தண்டுகள் சொல்லும் செய்தி.

மரத்துக்கு மரம் சில கிழமைகள் முன்பின் இருக்கும். பொதுவாக வறண்ட காலம் முடிவதை ஒட்டிப் பிஞ்சும், தென்மேற்கு மழையோடு காயும், ஆண்டின் நடுப்பகுதியில் பழமும் வரும். சில மரங்கள் ஆண்டுக் கடைசியிலும் சிறிதாகக் காய்க்கும். பூவிலிருந்து பழம்வரை ஐந்து ஆறு மாதம். ஆனால் கண்டிச் சமையல் பழுக்கும்வரை காத்திருப்பதில்லை. அந்த ஐந்து ஆறு மாதத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு சாப்பாடாக்கிவிடுகிறது. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு சிறைப்பட்டிருந்த றொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், மக்கள் பலாவைப் பிஞ்சு, காய், பழம் என்ற கட்டங்களில் தனித்தனிப் பெயர் சொல்லிச் சாப்பிடுவதைப் பதிவு செய்திருக்கிறார். அப்போதே இந்த முறை வழக்கில் இருந்தது.

பிஞ்சில் தொடங்குவோம். சிங்கள அயலவர் பொலொஸ் என்பார்கள். தமிழ் வீடுகளிலும் அந்தப் பெயர் புழங்குகிறது. இந்தக் கட்டத்தில் சுளையும் கொட்டையும் இன்னும் பிரியவில்லை. நடுத்தண்டுகூட மெத்தென்று இருக்கும். வெட்டும் முன் கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்ள வேண்டும். பலாப் பால் தண்ணீரில் போகாது, எண்ணெயில் கழன்றுவிடும். வெட்டியதும் மஞ்சள் கலந்த தண்ணீரில் போட வேண்டும். காற்றுப் பட்டால் கறுத்துவிடும். பிறகு மண்சட்டியில் துண்டுகளோடு வறுத்த கறித்தூள், மிளகாய்த்தூள், வெங்காயம், உள்ளி, கறுவா, றம்பை, கறிவேப்பிலை, கொறுக்காய்ப்புளி எல்லாம் சேர்த்து, இரண்டாம் பாலில் சிறு தீயில் மணிக்கணக்காக வேகவிடுவார்கள். கடைசியில் முதற்பால்.

கொறுக்காய்ப்புளி எதற்கு என்று கேட்கலாம். பிஞ்சில் துவர்ப்பு உண்டு. அது போக நீண்ட நேரம் வேக வேண்டும். நீண்ட நேரம் வெந்தால் துண்டு கரைந்துவிடும். புளிப்பு அந்தக் கரைவைத் தாமதப்படுத்துகிறது. அதனால் துண்டு உருக்குலையாமல் கருமையாகி, உள்ளே மசாலா ஊறி நிற்கிறது. புளிப்பு கறியைக் கெடாமலும் காக்கிறது. மறுநாள் சூடாக்கிச் சாப்பிட்டால் இன்னும் ருசி. கொறுக்காய்ப்புளியும் இதே தோட்டத்து மரத்தில் காய்ப்பதுதான். அதன் காயை அரிந்து வெயிலிலும் அடுப்புப் புகையிலும் கறுக்கக் காயவைத்து ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்த கட்டம் முற்றிய பலாக்காய். இப்போது சுளையில் மாச்சத்து நிறைந்திருக்கிறது, இனிப்பு இன்னும் வரவில்லை. சோற்றுக்குப் பதிலாக இதைச் சாப்பிட முடிவது அதனால்தான். சுளையையும் கொட்டையையும் கொஞ்சத் தண்ணீர், உப்பு, மஞ்சளோடு மூடி அவித்து, துருவிய தேங்காய்ப்பூவும் கட்டைச் சம்பலும் வைத்தால் ஒரு குடும்பத்தின் காலைச் சாப்பாடு முடிந்தது. ஒரு நடுத்தரக் காய் பல பேருக்குப் போதும். மீதியை அயல் வீட்டுக்கு அனுப்புவதுதான் வழக்கம். மரம் ஒரு வீட்டில், சாப்பாடு நாலு வீட்டில்.

இன்னும் சில கிழமை விட்டால் அந்த மாச்சத்து சர்க்கரையாக மாறுகிறது, அது பழம். சுளை உறுதியானால் வருக்கை, குழைந்தால் கூழன். பழம் முடிந்ததும் கொட்டை மிஞ்சுகிறது. அதை அவித்தோ வறுத்தோ தேங்காய்ப்பாலில் கறி வைத்தோ சாப்பிடலாம். பழைய வீடுகளில் கொட்டையை மணலில் புதைத்து மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். பலாக்கொட்டை உலர்ந்தால் சுருங்கிச் செத்துவிடும், ஈரம் கூடினால் அழுகும். மணல் இரண்டுக்கும் நடுவே பிடித்து வைக்கிறது. காயின் சுளைகளை அரிந்து அவித்து அடுப்புக்கு மேலுள்ள பரணில் புகையில் உலர்த்தும் வழக்கமும் உண்டு. மழை கொட்டும் ஒக்டோபர், நவம்பரில் மரத்தில் பலா இல்லாதபோது அந்த வற்றலை ஊறவைத்துக் கறியாக்குவார்கள். வெயிலை நம்ப முடியாத ஊரில் புகைதான் வெயில் செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது.

பலாவின் உறவுக்காரர் ஈரப்பலா. பெரும்பாலும் ஆண்டில் இரு தடவை காய்க்கும். கொட்டை இல்லாத இனம் என்பதால் வேரிலிருந்து வெடிக்கும் கன்றைப் பிரித்துத்தான் நட வேண்டும். அதன் காயைத் தேங்காய்ப்பாலில் கறி வைப்பார்கள், மெல்லியதாக அரிந்து பொரிப்பார்கள், வெறுமனே அவித்தும் தின்பார்கள். பலா ஓயும் இடைவெளியில் இது கை கொடுக்கும்.

மரம் கொடுக்காத நேரத்தை மண்ணுக்குள் இருப்பது நிரப்புகிறது. இராசவள்ளிக் கிழங்கைப் பாருங்கள். ஆண்டுத் தொடக்கத்தின் வறட்சியில் அது தூங்கும். மார்ச், ஏப்ரல் மழையோடு முளைவிட்ட துண்டை ஒரு கமுகடியிலோ கிளிசரியா வேலியடியிலோ நட்டால், கொடி மழைக்காலம் முழுவதும் மேலே ஏறி இலை விரித்து, செய்யும் மாச்சத்தை எல்லாம் கீழே அனுப்பும். மழை ஓயும்போது கொடி மஞ்சளாகிக் காயும். தைப்பொங்கலை ஒட்டித் தோண்டலாம். அவித்து மசித்துத் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சினால் ஊதாக் கூழ். கொடி காய்ந்துவிட்டதே என்று கவலைப்படத் தேவையில்லை. கிழங்கு முற்றிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இலைகளுக்கு மட்டும் காத்திருப்பு குறைவு. வல்லாரை, பொன்னாங்காணி இரண்டும் ஈர நிழலில் தழைக்கும். பறிக்கப் பறிக்க வரும். பூவோ காயோ நமக்கு வேண்டாம், தளிர் மட்டும் போதும் என்பதால் மழை மாதங்கள் இவற்றுக்கு நல்ல மாதங்கள். மெல்லியதாக அரிந்த வல்லாரையில் தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு, பரிமாறும் நேரத்தில் உப்பும் தேசிக்காய்ப் புளியும் விட வேண்டும். முன்னரே விட்டால் இலை வாடி நிறம் மங்கிவிடும்.

மரத்திலிருந்து சாப்பாடு எடுக்கும் இந்த ஏற்பாட்டை ஒரு நாட்டின் தேவையாகப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ், அரிசியை இறக்குமதி செய்யும் நாட்டுக்கு ஒருநாள் அது வராமல் போகலாம் என்று கண்டு, கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் ஊர் ஊராகப் பலாக் கன்று நடும் இயக்கம் நடத்தினார். 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா, என்றே மக்கள் அவரை அழைத்தார்கள். பிறகு 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தலைக் கட்டுப்படுத்தும் சட்டம், சொந்தக் காணியில் நிற்கும் பலாவையும் ஈரப்பலாவையும்கூட அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது என்றது. சாப்பாடு தரும் மரம் தனியொருவரின் சொத்து மட்டும் இல்லை என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

அந்த எண்ணத்தின் பெறுமதி 2022இல் நமக்கு மறுபடி புரிந்தது. டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, அரிசி விலை ஏறியது. அந்த ஜூனில் அரசாங்கம், வீட்டில் பயிர் செய்யட்டும் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தது. ஜூனில் மண்வெட்டி எடுத்தவருக்குச் சில கிழமைகளில் கீரை கிடைக்கும், சில மாதங்களில் மரவள்ளி கிடைக்கும். பலா கிடைக்காது, கொட்டையிலிருந்து முளைத்த கன்று காய்க்கப் பல ஆண்டு வேண்டும். அந்த நெருக்கடியில் பலாக்காய் அவித்துச் சாப்பிட்டவர்கள், இருபது முப்பது ஆண்டுக்கு முன் யாரோ நட்டதைச் சாப்பிட்டார்கள். பருவம் என்பது மாதங்களோடு முடிவதில்லை. மரத்தின் வயதும் அதில் சேர்த்தி.

ஆகவே எங்கிருந்து தொடங்குவது? முதல் ஓராண்டுக்கு எதையும் தறிக்காதீர்கள். சமையலறைச் சுவரில் ஒரு நாட்காட்டியைத் தொங்கவிட்டு, பெருமழை விழுந்த நாள், கோப்பி பூத்த நாள், பலாவடியில் கறுத்த தண்டு விழத் தொடங்கிய நாள், முதல் பொலொஸ் வெட்டிய நாள் என்று குறித்து வாருங்கள். ஆண்டு முடிவில் எந்த மாதம் வெறுமையாக இருக்கிறது என்று பாருங்கள். அந்த மாதத்துக்குக் கொடுக்கக்கூடிய ஒரு மரத்தையோ கொடியையோ தேர்ந்து நடுங்கள். ஆலோசனைக்கும் கன்றுக்கும் கன்னொறுவையில் விவசாயத் திணைக்களம் பக்கத்திலேயே இருக்கிறது. பத்துப் பேர்ச்சஸ் காணியில்கூட ஒரு ஈரப்பலா, அதன் ஓரத்தில் இராசவள்ளி, கிணற்றடியில் வல்லாரை என்று மூன்று வேறு காலங்களை அடக்கலாம்.

பலாவுக்கு இடம் இருந்தால் அதை நடுவதற்குச் செலவே இல்லை. நல்ல மரத்துப் பழமாகப் பார்த்துச் சாப்பிட்டு, கொட்டை உலர்வதற்கு முன், அந்தக் கிழமையிலேயே பையில் மண் நிரப்பி ஊன்றுங்கள். ஆண்டின் நடுவில் ஊன்றிய கொட்டை ஒக்டோபர் மழைக்குக் கன்றாகி நிற்கும். அந்த மழையில் அதை நிலத்துக்கு மாற்றினால் வேர் ஆழம் போக இரண்டு மாத ஈரம் கிடைக்கும். பெப்ரவரி வறட்சியை அது தானே தாங்கிக்கொள்ளும்.